ஆள்காட்டி காட்டாத இடம்

காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பெரிய திடல் இருந்தது. அந்தத் திடலில் செம்பி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தாள்.

கூடு என்று எதுவும் இல்லை. காலால் மண்ணை லேசாகப் பறித்துப் பள்ளமாக்கி, சுற்றிலும் கூழாங்கற்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். வீடு அவ்வளவுதான். முட்டைகளும் மண் நிறத்தில் கரும்புள்ளியோடு கல்லைப் போலவே கிடந்தன. பக்கத்தில் வந்து நின்று பார்த்தாலும் தெரியாது.

சித்திரை மாதம். மண் சட்டி மாதிரி சுட்டது. செம்பியும் அவள் கணவன் நெட்டையனும் மாறி மாறி அடைகாத்தார்கள். ஒருவர் முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் ஏரிக்கு ஓடுவார். வயிற்று இறகைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து உட்காருவார். முட்டையின் சூடு தணிய வேண்டுமே. கொஞ்சம் தாமதமானாலும் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும். அந்தக் கவலையில் செம்பிக்கு இரைகூடச் சரியாக இறங்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு சபை இருந்தது. திடலும் ஏரிக்கரையும் ஓடையும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. பொது இடத்தை யாராவது பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்காக விலங்குகளே கூடி ஏற்படுத்திக்கொண்ட சபை அது. தலைவி பெரியநாயகி என்ற யானை. எல்லாரும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். செயலாளர் மிளகன் என்ற அணில்.

சபை நல்ல சபைதான். எந்த மந்தை எந்தப் பக்கம் மேய்வது என்று முறை வைத்துக் கொடுத்தது. ஓடையை அடைத்த மரக்கிளைகளை இழுத்துப் போட்டது. எங்கிருந்தோ வந்து முளைத்த சீமைக் கருவேலங்கன்றுகளை வேரோடு பிடுங்கியது. சண்டை வந்தால் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்த்து வைத்தது.

ஒரு நாள் கோடை மழை கொட்டியது. மறுநாள் காலையில் ஏரிக்கரை மருதமரத்தடியில் சபை கூடியது.

மிளகன் மரத்தின் வேரில் ஏறி நின்றான். "பெரியம்மா, ஏரிக்கரையைப் பார்த்தாச்சு. ஓடையையும் பார்த்தாச்சு. அந்தத் திடல் மட்டும்தான் சும்மா கிடக்கு. பார்க்கவே சகிக்கலை. மண்ணு நனைஞ்சிருக்கு. இப்பவே புங்கன், வேம்பு, மருதுன்னு கன்னு நட்டுட்டா ரெண்டு மூணு மழையில கிளம்பிடும். நமக்கும் நிழல் ஆச்சு."

அணிலுக்கு மரம் இல்லாத இடம் ஓர் இடமாகவே தோன்றாது. அவன் பிறந்ததும் மரத்தில், வளர்ந்ததும் மரத்தில்.

"நிழலா?" என்றாள் பெரியநாயகி. தண்ணீர் குடிக்கத் திடலைத் தாண்டி வரும்போதெல்லாம் அவள் முதுகு வெயிலில் காய்ந்துபோகும். "நல்ல யோசனைதான்ப்பா."

மான்கள் தலையாட்டின. காட்டுப்பன்றி உறுமி ஆமோதித்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்போது செம்பி ஏரி ஓரத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தாள். பேச்சைக் கேட்டதும் வெடுக்கென்று கரையேறினாள். சொட்டச் சொட்ட ஓடிவந்து சபை நடுவே நின்றாள்.

"பெரியம்மா, திடல் சும்மா கிடக்கலை. நாங்க அங்கே குடியிருக்கோம்."

"குடியிருக்கியா? எங்கேக்கா?" என்றான் மிளகன். "நான் தினம் அந்தப் பக்கம் பார்க்கிறேன். ஒரு சுள்ளி அடுக்கினதுகூட இல்லையே."

"சுள்ளி எங்களுக்கு வேண்டாம். முட்டை இட்டிருக்கேன்."

"எந்த இடத்தில? காட்டு."

செம்பி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

மிளகன் வாலைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். "நல்ல கதையா இருக்கே. காட்டுக்குள்ள எவன் வந்தாலும் கத்திக் காட்டிக் கொடுக்கிறதுதான் உன் வேலை. பேரே ஆள்காட்டி. ஊரையெல்லாம் காட்டத் தெரியுது, சொந்த வீட்டைக் காட்டத் தெரியலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அவள் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில், மருத வேரோடு வேராக ஒட்டிப் படுத்திருந்த ஒருவனை அவள் பார்த்துவிட்டாள்.

அவன் சடையன் என்ற உடும்பு. ஏரிக்கரைப் பொந்தில் குடியிருந்தான். முட்டை என்றால் அவனுக்கு உயிர். சடையன் நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"தங்கச்சி பயப்படுது, பாவம். நான் ஒண்ணு சொல்லட்டுமா, பெரியம்மா? அது இடத்தைக் காட்டட்டும். சுத்திலும் வட்டமாக் கல்லு வச்சிடுவோம். நடுவில ஒரு கொம்பு நட்டு ஓலை கட்டிடுவோம். தூரத்தில வரும்போதே எல்லாருக்கும் தெரியும். யாரும் தெரியாம மிதிச்சிட மாட்டாங்க பாருங்க. நானும் அந்தப் பக்கமே போகமாட்டேன்."

"இது சரியான பேச்சு" என்றாள் பெரியநாயகி. அவள் மனத்தில் கபடம் கிடையாது. அடுத்தவர் மனத்தில் இருக்கும் என்றும் தோன்றாது. "கண்ணு, நாளைக்குக் காலையில இடத்தைக் காட்டு. அந்த இடத்தை விட்டுட்டு மத்த இடத்தில கன்னு நடுவோம். உன் முட்டை என் பொறுப்பு. போ, தைரியமா இரு."

செம்பி திரும்பி ஓடினாள். வயிற்று இறகு வழியிலேயே காய்ந்துபோனது. பாதி தூரம் வந்தவள் மறுபடி ஏரிக்குப் போய் நனைத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

நெட்டையன் முட்டைகளின் மேலிருந்து எழுந்து இடம் கொடுத்தான். நடந்ததை எல்லாம் செம்பி சொன்னாள்.

"காட்டிடேன், புள்ள" என்றான் நெட்டையன். "பெரியம்மா நல்லவங்க. சொன்ன சொல்லு மாறமாட்டாங்க."

"பெரியம்மா நல்லவங்கதாங்க. யாரு இல்லேன்னா? ஆனா அவங்க காதில சொல்ற சொல்லு ஊரு காதில விழுந்துடுது. கல்லு வச்சுக் கொம்பு நட்டா, மிதிக்கிறவங்க விலகிப் போவாங்க. தேடுறவங்க நேரா வருவாங்களே."

"காட்டலைன்னா பள்ளம் தோண்டிக்கிட்டே வருவாங்க. முட்டை மேலேயே கால் வச்சிடுவாங்க."

"அதுதாங்க எனக்கும் தெரியலை" என்றாள் செம்பி. முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துவிட்டு, அவற்றின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். உள்ளே ஒரு முட்டையில் லேசாக ஏதோ தட்டியது. குஞ்சு வெளியே வர இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் விடிந்தது. பெரியநாயகி துதிக்கை நிறையக் கன்றுகளோடு வந்தாள். மிளகன் அவள் தலைமேல் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் பன்றிகள், குழி தோண்ட. எல்லாரும் நேராகச் செம்பியின் முட்டை இருக்கும் பக்கமே வந்தார்கள்.

செம்பி எழுந்தாள். முட்டையை விட்டுக் கொஞ்சதூரம் குனிந்தபடியே ஓடினாள். அப்புறம் அவர்கள் எதிரே போய், ஒரு இறக்கையைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு கத்தினாள். இறக்கை முறிந்தவளைப் போல விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள்.

"ஐயோ, கண்ணு, என்ன ஆச்சு?" என்று பெரியநாயகி அவள் பின்னாலேயே போனாள்.

செம்பி நொண்டி நொண்டி அவர்களைத் திடலின் அடுத்த கோடிக்கே இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு வெறும் பள்ளத்தில், அடைகாப்பவளைப் போல இறகைப் பரப்பி உட்கார்ந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சாச்சு, இதுதான் இடம்" என்று மிளகன் துள்ளினான்.

"கிட்டப் போகாதேப்பா. மூச்சுக் காத்துகூடப் படக்கூடாது" என்றாள் பெரியநாயகி. தூரத்தில் நின்றபடியே துதிக்கையை நீட்டி, ஒவ்வொரு கல்லாகச் சத்தமில்லாமல் சுற்றிலும் வைத்தாள். பக்கத்தில் ஒரு கொம்பு நட்டு ஓலை கட்டினாள். எல்லாம் முடிந்ததும், "இனி நிம்மதியாத் தூங்கு" என்றாள்.

அந்தச் சொல் செம்பிக்கு முள்ளாகக் குத்தியது. இவ்வளவு நல்லவளை ஏமாற்றிவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பன்றிகள் காட்டோரத்திலிருந்து குழி தோண்ட ஆரம்பித்ததைப் பார்த்ததும் அந்த வருத்தத்துக்கும் நேரமில்லாமல் போனது. ஒவ்வொரு குழியும் உண்மையான முட்டைகளை நோக்கி நெருங்கியது.

நல்லவேளையாக வெயில் ஏறியது. பன்றிகள் சேற்றைத் தேடிப் போய்விட்டன. "மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று மிளகனும் போய்விட்டான். செம்பி யார் கண்ணிலும் படாமல் தன் முட்டைகளுக்குத் திரும்பினாள். பெரியநாயகி ஏரியில் இறங்கி, முதுகில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் அவள் நட்ட கொம்பு நன்றாகத் தெரிந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது புல்லில் ஏதோ அசைந்தது. சடையன்! அங்கே இங்கே பார்க்கவில்லை. கோடு போட்ட மாதிரி நேராகக் கல் வட்டத்துக்குள் போனான். பரபரவென்று மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான்.

பெரியநாயகி தண்ணீரிலிருந்து எழுந்து ஓடினாள். தரை அதிர்ந்தது.

"இங்கே என்னடா பண்றே, சடையா?"

சடையன் திடுக்கிட்டுத் திரும்பினான். "காவலுக்கு வந்தேன், பெரியம்மா."

"காவலுக்கு வந்தவன் மண்ணை எதுக்குடா பறிக்கிறே?"

சடையன் மண் ஒட்டிய நகங்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டான். "எனக்கும் வயிறு இருக்கே, பெரியம்மா" என்றான்.

"இருக்கு. இல்லேன்னு சொல்லலை. நீயாத் தேடி அலைஞ்சு கண்டுபிடிச்சா அது உன் பாடு, அவ பாடு. ஆனா நானே கல்லு வச்சு, கொம்பு நட்டு, இலை போட்டு உன்னைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடுச்சே. போயிடு இங்கேயிருந்து."

சடையன் சரசரவென்று போய்விட்டான். பெரியநாயகி வட்டத்துக்குள் பார்த்தாள். பறித்துப் போட்ட மண்தான் இருந்தது. ஒரு முட்டைகூட இல்லை. எல்லாவற்றையும் அவன் விழுங்கிவிட்டான் என்றே நினைத்தாள். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே தளர்ந்துபோனது.

"என் பொறுப்புன்னு சொன்னேனே. நானே காட்டிக் கொடுத்துட்டேனே" என்று துதிக்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

செம்பி தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். ரகசியம் ரகசியமாகவே இருக்கும். ஆனால் தன் பிள்ளைகளுக்காக ஒருத்தி அழும்போது அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பறந்துவந்து யானையின் காதோரம் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க, பெரியம்மா. அங்கே முட்டையே இல்லை."

"தெரியும் கண்ணு. அவன்தான்..."

"அவன் தின்னலை. முதல்லேயே இல்லை. என் இறக்கையும் முறியலை. உங்களைப் பொய்யா இழுத்துட்டு வந்தேன். என் முட்டை வேற இடத்தில பத்திரமா இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

பெரியநாயகி முகத்திலிருந்து துதிக்கையை எடுத்தாள். கண் ஈரமாகவே இருந்தது. "பத்திரமா இருக்கா?"

"இருக்கு. நாலும் இருக்கு. உள்ளே தட்டுற சத்தம்கூடக் கேட்குது."

யானை பெரிய மூச்சாக விட்டாள். செம்பி அந்தக் காற்றில் கொஞ்சம் தள்ளாடிப் போனாள். தன்னை நம்பி அழுதவளிடம் இனி மறைக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. "இடத்தை உங்ககிட்ட மட்டும் சொல்லிடுறேன், பெரியம்மா. அந்த..."

"வேண்டாம்" என்றாள் பெரியநாயகி. "சொல்லாதே. எனக்கே தெரிய வேண்டாம். தெரிஞ்சா நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். நான் பார்க்கிற பக்கத்தை நாலு பேரு பார்ப்பாங்க."

சாயங்காலம் சபை மறுபடி கூடியது. பெரியநாயகி நடந்ததைச் சொன்னாள். சடையன் வரவில்லை.

"சரி, அவன் பண்ணினது தப்புதான்" என்றான் மிளகன். "அதுக்காக வேலையை நிறுத்த முடியுமா? இடம் எதுன்னு தெரிஞ்சாத்தானே அதை விட்டுட்டு மத்ததில நட முடியும்?"

"தெரியாதே. அதனால முழுத் திடலையும் விட்டுடணும்" என்றாள் பெரியநாயகி.

"முழுத் திடலையுமா? ஒரு குருவிக்காகவா?"

பெரியநாயகி செம்பியைப் பார்த்தாள். "நீயே சொல்லு கண்ணு. மரம் வந்தா உனக்கு என்ன?"

செம்பி சபை நடுவே வந்து நின்றாள். "மரம் வந்தா அதில காக்கா வந்து உட்காரும், பெரியம்மா. மேலேயிருந்து முட்டையைப் பார்த்துக்கிட்டே இருக்கும். நிழல் வந்தா புல்லு போயிடும், மான் மேய்ச்சலுக்கு எங்கே போகும்? எனக்கு நாலு பக்கமும் வெட்டவெளியா இருக்கணும். சிறுத்தை தூரத்தில வரும்போதே கண்ணில படணும். பட்டாத்தான் கத்துவேன். நான் கத்தினாத்தானே தண்ணி குடிக்கிற நீங்க எல்லாரும் தலையைத் தூக்குறீங்க?"

மான்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அந்தச் சத்தத்தால் உயிர் பிழைத்த குட்டி ஒன்று தாயோடு ஒட்டி நின்றது.

"அப்ப திடலுக்கு நாம என்னதான் செய்யிறது?" என்றான் மிளகன். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு எதுக்குச் சபை?"

"செய்ய நிறைய இருக்குப்பா. கருவேலங்கன்னு தலை காட்டினாப் பிடுங்கணும், நீதான் சின்னவன், பார்த்துக் கால் வைப்பே. குஞ்சு வெளியே வர்ற வரைக்கும் மந்தையை வேற பக்கம் திருப்பி விடணும். கன்னை எல்லாம் போன புயல்ல மரம் சாய்ஞ்ச இடத்தில நடுவோம், காடு கேட்குது. நாம எல்லாம் கரையைச் சுத்தித் தண்ணிக்கு வருவோம்."

"கரையைச் சுத்தியா? இந்த வெயில்லயா? உங்களுக்குத்தானே ரொம்பக் கஷ்டம், பெரியம்மா."

"எனக்குத்தான் கால் பெரிசு" என்றாள் பெரியநாயகி.

அப்படியே செய்தார்கள். பன்றிகள் தோண்டிய குழிகளை அவையே மூடின. மிளகன் முணுமுணுத்துக்கொண்டே திடலில் கருவேலங்கன்று தேடினான். சின்னச் சின்ன அடியாக, ஒவ்வொரு கல்லையும் உற்றுப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தான். பெரியநாயகி தினமும் கொதிக்கும் வெயிலில் கரையைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை அவள் கரைமேல் வந்துகொண்டிருந்தாள். மிளகன் அவள் தலைமேல். பின்னால் மான்களும் பன்றிகளும் முயல்களும் தாகத்தோடு வரிசையாக வந்தன. திடீரென்று வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது. எங்கோ பக்கத்திலிருந்து செம்பி கூர்மையாக ஒரு குரல் கொடுத்தாள்.

பெரியநாயகி அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியவள், தூக்கியபடியே நின்றுவிட்டாள்.

"ஏன் பெரியம்மா நின்னுட்டீங்க?"

"பொரிஞ்ச குஞ்சுகளைத் தண்ணிக்குக் கூட்டிட்டு வந்திருக்கா. அசையாமப் படுங்கன்னு சொல்ற குரல் அது. இங்கே எங்கேயோ இருக்கு."

மிளகன் குனிந்து பார்த்தான். "எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. வெறும் கல்லுதான் கிடக்கு."

"எனக்கும் தெரியலை. அதனாலதான் காலைக் கீழே வைக்கலை."

பருந்து போகவில்லை. பெரியநாயகி மூன்று காலில் நின்றாள். தொடை நடுங்கியது. பின்னால் வந்தவர்கள் முட்டிமோதிக்கொண்டு, "என்ன ஆச்சு? போங்க" என்றார்கள். மிளகன் திரும்பி, முன்காலை வாயில் வைத்து, "யாரும் அசையாதீங்க" என்றான். வரிசை முழுவதும் அப்படியே நின்றது. ஒரு குட்டிகூடக் கத்தவில்லை.

பருந்து ஒருவழியாக ஏரியைத் தாண்டிப் போனது. செம்பி மெல்லிய குரலில் ஒருமுறை கூப்பிட்டாள்.

வழியில் கிடந்த கற்களில் நான்கு எழுந்து நின்றன. குச்சிக் கால்களோடு ஏரியை நோக்கி ஓடின. அவற்றில் ஒன்று, தூக்கிய அந்தப் பெரிய பாதத்துக்கு நேர் கீழேயிருந்து ஓடியது. கடைசிக் குஞ்சும் தாயின் இறகுக்குள் நுழைந்த பிறகுதான் பெரியநாயகி காலை மெல்லத் தரையில் ஊன்றினாள்.

பொது இடத்தைக் காப்பவர்கள் அங்கே தங்கள் கண்ணுக்குத் தெரியாத உயிரும் குடியிருக்கும் என்று எண்ணி, செய்ய வேண்டியதைச் செய்வதோடு காலை எடுத்து வைக்காமல் நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.